குடைக்குக் கீழே வெட்டிய படம்

1

என் அக்காவைப் படத்திலிருந்து வெட்டியது நீங்கள்தான். நீங்கள் என்றால், பழைய தமிழ்ப் படங்களைத் துப்புரவாக்கி டிஸ்க்கில் போட்டு ஐரோப்பா முழுவதும் தபாலில் அனுப்புகிற உங்கள் நிறுவனம். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. படத்தின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் இன்னும் நாலு பேர் வாங்குவார்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். என் மூன்று கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன.

ஊரில் இருந்து இந்தப் பத்திரிகையில் இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் இருந்து சொல்ல வேண்டும். எனக்கு ஊர் வாவிக்கரையில் இருக்கிற தேற்றாத்தீவு. சுவிஸில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் கிழங்கு உரிப்பது, மத்தியானம் தட்டுக் கழுவுவது. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் டிஸ்க்குகள். சீரமைத்து வெளியிட்ட பழைய படங்களை மட்டும் வாங்கிச் சேர்க்கிறேன். கீறல் எடுத்து, ஒலியைத் தெளிவாக்கி, சின்னப் புத்தகமும் வைத்து வருமே, அவை. சீரமைப்புக்கு முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி இருக்கிறது என்று பாதித் திரையில் காட்டுவார்கள். அதைப் படத்தைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். அழுக்கேறிப்போன முகம் ஒன்று கழுவியதுபோல வெளிச்சமாக வரும்போது நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவேன். மனைவி அந்த அலுமாரியை "உங்கட சாமியறை" என்பா.

எனக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு படத்துக்கு ஒரே கொப்பி, அதுவும் நல்ல கொப்பி. நல்லது வந்தால் பழையதைக் கொடுத்துவிடுவேன். மங்கலான கொப்பி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். தொலைக்காட்சியைக் கைத்தொலைபேசியால் படம்பிடித்து அனுப்புகிறவர்களோடு ஒரு காலத்தில் சண்டையே பிடித்திருக்கிறேன். இந்தத் திமிர் என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று சொல்கிறேன்.

2

நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கொழும்பில் இருந்து ஒரு கூட்டம் வாவிக்கரைக்குப் படம் பிடிக்க வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். எங்கள் நாட்டிலேயே எடுத்த தமிழ்ப் படம். கதாநாயகன் வாவியின் மறுகரையான படுவான்கரையில் இருந்து பாதையில் வந்து இறங்கவேண்டும். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அவன் இறங்கும்போது துறையில் சனம் நிற்கவேண்டும் என்று ஊர்ச் சனத்தைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஒரு பணிசும் சோடாவும்.

கமராவை ஒரு லொறியின் கூரையில் ஏற்றியிருந்தார்கள். அங்கே இருந்து பார்த்தால் தூரத்தில் மறுகரைத் தென்னை, நடுவில் வாவி, பாதை, கிட்டத்தில் சனத்தின் தலைகள். ஒலிபெருக்கியில் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார், கமராவைப் பார்க்கவேண்டாம், பார்க்கவேண்டாம் என்று.

அக்கா படப்பிடிப்புக்கு வந்தவள் இல்லை. அவளுக்குத் தவமலர் என்று பேர். எனக்கு ஐந்து வயது மூப்பு. மறுகரையில் எங்கள் வட்டையில் அறுவடை நடந்தது. வயலில் நின்ற அப்பாவுக்குச் சோறு கொடுத்துவிட்டு முந்திய பாதையில் திரும்பி வந்தவள், சனத்தைக் கண்டு நின்றுவிட்டாள். கையில் அம்மாவின் கறுப்புக் குடை. ஒரு மூலை கிழிந்து அம்மா வெள்ளைத் துணியில் ஒட்டுப்போட்டிருந்தா. அக்கா என்ன நடக்கிறதென்று பார்க்க லொறிக்குக் கிட்டக் கிட்ட வந்தாள். எல்லோரும் பாதையைப் பார்க்க, இவள் மட்டும் மறுபக்கம் கிறுகி, குடையைச் சரித்து, நிமிர்ந்து கமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் பக்கத்தில் சோடாப் போத்தலோடு நின்றேன்.

"அக்கா, பாக்கப்படாதாம்," என்றேன்.

"அவங்க என்னைப் பாக்கலாம், நான் அவங்களைப் பாக்கப்படாதா?" என்றாள். "போடா, உன்ட சோடாவைக் குடி."

ஒலிபெருக்கிக்காரர் கத்தினார். ஆனால் பாதை கரைதட்டிவிட்டது, வெயிலும் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் தரம் எடுக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அப்படித்தான் அக்கா அந்தப் படத்தில் இருந்தாள். திரையின் அடியில், இடது பக்கம். குடையும் முகமும் மட்டும். ஏழு செக்கன்.

3

பிறகு சில வருடங்களில் அக்காவை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். தையல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது கொழும்பில் ஒரு அறையில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவன் எப்போது கூப்பிடுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். சேதி எனக்கு வந்தபோது பதினொரு நாள் ஆகிவிட்டது. நான் ஊருக்குத் திரும்பவில்லை. விமானம் ஏறினேன். இதற்கு நான் விளக்கம் சொல்லப்போவதில்லை.

அதே வருடம் வீடு எரிந்தது. படங்கள் எல்லாம் போயின. அம்மா கைப்பையில் வைத்திருந்த ஒரு ஸ்டூடியோப் படம் மட்டும் தப்பியது. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வந்தது. அம்மா களுதாவளையில் ஒரு மண்டபத்தில் காலை முதல் வரிசையில் நின்று சாட்சி சொன்னா. படம் கேட்டார்கள். கொப்பி எடுக்கும் மெசின் வேலை செய்யவில்லை, அசலைக் கொடுங்கள், திருப்பித் தருவோம் என்றார்கள். கொடுத்தா. ஒரு துண்டில் இலக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டோடு அம்மா போகாத கந்தோர் இல்லை. கோப்பு மாறிவிட்டது என்பார்கள், அடுத்த குழுவிடம் கேளுங்கள் என்பார்கள். அடுத்த குழு வந்தது. அவர்களும் முதல் வேலையாகக் கேட்டது படம்தான்.

"என்ட புள்ளையையும் நீங்கதான் வச்சிருக்கிய, படத்தையும் நீங்கதான் வச்சிருக்கிய, என்னட்ட என்னத்தைக் கேக்குற?" என்று அம்மா சொன்னாவாம். அதை எழுதிக்கொண்டார்களாம்.

அம்மாவை இங்கே கூப்பிட இரண்டு தரம் விசாவுக்குப் போட்டேன். திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று இரண்டு தரமும் நிராகரித்தார்கள். எழுபது வயதுக்காரிக்கு இந்தக் குளிரில் என்ன வேலை இருக்கிறது என்று நினைத்தார்களோ தெரியாது. மகளைத் தேடிக்கொண்டிருக்கிற தாய் அந்தக் கரையை விட்டு எங்கே போய் இருந்துவிடப்போகிறா? அந்தப் படிவத்தில் இதை எழுத இடம் இல்லை.

4

இங்கே வந்த புதிதில் ஒரு தமிழ்க் கடை இருந்தது. முன்னால் அரிசி மூடை, பின்னால் வாடகைக்கு வீடியோக் கசெற். கடையை மூடியபோது மிச்சக் கசெற்றுகளை ஒரு பெட்டியில் போட்டு வாசலில் வைத்தார்கள். அதற்குள் அந்தப் படம் கிடந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தேன். மழை பெய்கிறதுபோலக் கோடு. சத்தம் பாதி இல்லை. பாதை கரைக்கு வரும்போது எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நிலத்தில் இருந்தேன். அக்கா சிரித்தாள்.

வருடத்தில் ஒரு நாள், அவளுடைய பிறந்தநாளுக்கு, அந்த ஏழு செக்கனை ஒரேயொரு தரம் போடுவேன். அதிகம் போட்டால் நாடா தேயும் என்று பயம். பூஞ்சணம் வேறு பிடிக்கத் தொடங்கியிருந்தது. கொப்பி எடுக்கக் கடைக்குக் கொடுத்தால் அறுத்துவிடுவான் என்று பயம். ஊருக்குக் கொண்டுபோனால் வெயிலில் உருகிவிடும் என்று பயம். கைத்தொலைபேசியால் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அனுப்பியிருக்கலாம். அம்மாவுக்கு அக்காவைக் கோடு கோடாகக் காட்ட எனக்கு மனமில்லை. கழுவி, வெளிச்சமாகக் காட்டத்தான் காத்திருந்தேன்.

அப்போதுதான் உங்கள் அறிவித்தல் வந்தது. அந்தப் படத்தைச் சீரமைக்கிறீர்கள், கிடைத்த பிரதியில் ஒரு றீல் உக்கிப்போய்விட்டது, அந்தப் பகுதி யாரிடமாவது எந்த வடிவத்திலாவது இருந்தால் தந்து உதவுங்கள் என்று. உக்கிய றீல் துறைக் காட்சி வருகிற றீல். என் கசெற்றைப் பஞ்சில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "உங்கள் பங்களிப்பு வரலாற்றில் நிற்கும்" என்று எழுதினீர்கள். கசெற்றைத் திருப்பி அனுப்பவில்லை. டிஸ்க்கோடு வரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நன்றி என்று என் பெயரையும் போட்டிருக்கிறீர்கள். எழுத்துப் பிழையோடு.

5

டிஸ்க் வந்தபோது நான் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. முதல் தரம் அம்மாவோடுதான் பார்ப்பது என்று இருந்தேன். விடுமுறை எடுத்து, டிஸ்க் போடும் பெட்டியையும் சூட்கேசில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். விமானநிலையத்தில் பெட்டியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். இந்தக் காலத்தில் இதை யார் கொண்டுவருகிறார்கள் என்று அந்தப் பெடியன் சிரித்தான்.

அம்மாவின் தொலைக்காட்சி சின்னது, பழையது. ஏறாவூரில் திருத்தும் கடை வைத்திருக்கிற ஹனிபா நானா, அப்பாவின் காலத்தில் இருந்து பழக்கம், தன்னுடைய பெரிய தொலைக்காட்சியை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி, சுவிஸில இருந்து தட்டு மட்டுந்தானா கொண்டாந்த? டிவியும் வரும் எண்டெல்லோ நான் பாத்துக்கிட்டு இருந்த," என்றார்.

"அவருக்கு முதல்ல தேத்தண்ணியைக் குடு மனே," என்றா அம்மா. "மறுகா பகிடி விடட்டும்."

அம்மா அன்றைக்குத் தலைக்கு வார்த்து நல்ல சேலை உடுத்திருந்தா. ஒரு கண் வெண்படலம் எடுத்தது, மற்றது பாதிதான் தெரியும். கதிரையைத் திரைக்கு ஒரு முழத்தில் இழுத்துப் போட்டா. நான் உறையைக் கிழித்தேன்.

படம் அருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். றீலில் இருந்து எடுத்த பகுதியெல்லாம் நேற்று எடுத்ததுபோல. துறைக் காட்சி என் கசெற்றில் இருந்து எடுத்தது, அதுகூடக் கோடில்லாமல் வந்தது. மறுகரைத் தென்னை, வானம், பாதை. கதாநாயகன் இறங்குகிறான். திரையின் அடியில், இடது பக்கம், குடை எழும்பியது. வெள்ளை ஒட்டோடு.

"அந்தா குடை," என்றா அம்மா. "எங்கட குடை."

குடை சரிந்தது. அவ்வளவுதான். குடைக்குக் கீழே திரை முடிந்துவிட்டது. அடுத்த காட்சி வந்தது.

"புள்ள எங்க மனே?"

"இப்ப வருவா அம்மா." வரமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரியும். திருப்பிப் போட்டேன். குடை எழும்பியது, சரிந்தது. இன்னொரு தரம் போட்டேன்.

"குடையைத்தானே காட்டுறாய். கொஞ்சம் கீழால காட்டன்."

அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து, சட்டத்தின் அடிப்பக்கத்தில் எட்டிப் பார்த்தா. ஹனிபா நானா ரிமோட்டை என் கையில் இருந்து வாங்கி ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். படம் அகன்றது, சுருங்கியது, மஞ்சளானது.

"இது பெருப்பிக்கும், சின்னனாக்கும் தம்பி," என்று மெல்லச் சொன்னார். "உள்ளுக்கு இல்லாததை இது கொண்டாராது." தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வானுக்குப் பக்கத்தில் நின்றார்.

அம்மா கதிரையில் சாய்ந்தா. பிறகு, "கமராவைப் பாக்காத எண்டு சொன்னவங்களாம் எண்டு நீதானே அண்டைக்குச் சொன்ன? பாத்தவளெண்டுதான் வெட்டிப்போட்டாங்க போல," என்றா.

"இல்லம்மா. அதுக்கில்ல."

"அப்ப எதுக்கு?"

நான் டிஸ்க்கைப் பெட்டியில் இருந்து எடுத்தேன். பதில் எனக்குத் தெரியும்.

6

பழைய படம் கிட்டத்தட்டச் சதுரம். இப்போதைய தொலைக்காட்சி அகலம். அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். பட்டை இல்லாமல் திரையை நிரப்ப வேண்டுமென்றால் படத்தைப் பெருப்பித்து, மேலேயும் கீழேயும் மிஞ்சுவதை வெட்ட வேண்டும். நீங்கள் மேலே தொடவில்லை. தென்னையின் உச்சியும் வானமும் அழகாக இருந்ததாக்கும். முழுவதையும் கீழேதான் வெட்டியிருக்கிறீர்கள். கீழே நின்றது எங்கள் சனம்.

மகள் சாருகாதான் என் கடிதங்களை எழுதினாள். வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். நான் தமிழில் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தாள். "நீங்கள் கள்ளர்" என்று சொன்னேன். அவள் "நாங்கள் ஏமாற்றம் அடைந்துள்ளோம்" என்று எழுதினாள்.

"அப்பா, இப்பிடி எழுதினாத்தான் வாசிப்பாங்க."

"நான் சொன்னதை எழுது."

"நீங்க சொன்னதை எழுதினா பொலிஸ்தான் வாசிக்கும்."

மூன்று கடிதத்துக்கும் ஒரே பதில் வந்தது. பெரும்பாலான வாடிக்கையாளர் விருப்பப்படி முழுத்திரை வடிவம் தெரிவுசெய்யப்பட்டது, பெறப்பட்ட மூலப் பொருட்கள் ஆவணப்படுத்தப்பட்டுள்ளன, உங்கள் மனக்குறைக்காக வேறொரு டிஸ்க்கை இலவசமாக அனுப்புகிறோம். அனுப்பினீர்கள். யாரோ ஆடிப்பாடுகிற படம். உறையோடு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

எந்த வாடிக்கையாளர் கேட்டான், அவனுடைய விருப்பத்தைக் காட்டச்சொல்லு என்று நான் கத்தினேன். சாருகா என் மின்னஞ்சலுக்குள் போய்த் தேடினாள். தேடிவிட்டுக் கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, நீங்களும் கேட்டிருக்கிறீங்க."

முன்பதிவு செய்தபோது வந்த படிவம். கறுப்புப் பட்டையோடு மூல வடிவமா, திரையை நிரப்பும் வடிவமா? இரண்டாவதில் என் அடையாளம் இருந்தது.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேறு எந்தப் படத்துக்கும் நான் அதைத் தெரிவுசெய்ய மாட்டேன். பட்டை இருந்தால்தான் முழுப் படம் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். இந்தப் படிவத்தைப் பார்த்தபோது அம்மாவின் கண் நினைவுக்கு வந்தது. பட்டை இல்லாவிட்டால் படம் பெரிதாகும், அக்காவின் முகம் பெரிதாகத் தெரியும். அவ்வளவுதான் நினைத்தேன். அடியில் நிற்கிறவளின் முகம் எங்கே போகும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

சாருகா கணினியை மூடினாள். அவளுக்கு அத்தையைத் தெரியாது. கசெற்றைப் போடுகிற நாளில் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள், பிறகு வேறு அறைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். போகும்போது கேட்டாள், "அவவுக்கு என்னை மாதிரி மூக்கா அப்பா, இல்ல உங்களை மாதிரியா?"

அதைப் பார்த்துச் சொல்வதற்கு இப்போது என்னிடம் எதுவும் இல்லை.

7

ஆகவே என் பங்கை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் முன்னால், ஊர்ப் பத்திரிகையில். இனி உங்கள் முறை.

ஒரு கிழவனின் குடும்ப விஷயம் என்று நினைக்கவேண்டாம். அந்தத் துறையில் அன்றைக்கு நின்றவர்களில் எத்தனையோ பேர் இன்றைக்கு இல்லை. எத்தனையோ வீடுகளில் ஒரு படம்கூட இல்லை. நீங்கள் வெட்டிய அந்தக் கீழ்ப் பட்டியில் யார் யாருடைய அப்பா, யார் யாருடைய மகன் நின்றான் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் முழுவதும் தெரியாது.

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்கிறா, "அவங்களுக்குச் சொல்லிட்டியா மனே, அவள் தெரியாமத்தான் பாத்தவள் எண்டு?" அக்கா செய்த பிழைக்குத்தான் வெட்டினார்கள் என்று அவ நம்பிவிட்டா. நான் செய்தது என்று சொல்லிப் பார்த்தேன். தன்னைக் காப்பாற்றுவதற்காக நான் என் மேல் பழியைப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அக்கா சொல்லுவாள் என்கிறா.

நான் கேட்பது இதுதான். என் கசெற்றைக் கணினிக்குள் ஏற்றியபோது முழு உயரத்துக்கும் ஏற்றினீர்களா, இல்லை ஏற்றும்போதே வெட்டினீர்களா? முழுதாக ஏற்றியது இன்னும் இருக்கிறதா, அழித்துவிட்டீர்களா? என் கசெற் எங்கே? ஆவணப்படுத்தப்பட்டது என்றால் எந்த அலுமாரியில், எந்த நகரத்தில்? அதை எப்போது திருப்பித் தருவீர்கள்?

எனக்குத் தனியாக எழுதவேண்டாம். தனியாக வந்த பதில்களை நான் வாசித்துவிட்டேன். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் உங்களுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் நிறுவனத்தில் கத்தரியைப் பிடித்தவர் யாரோ, அவர் தன் சொந்தப் பெயரைப் போட்டு, தமிழில், அம்மாவுக்கு வாசித்துக் காட்டக்கூடிய மாதிரி, எல்லோரும் பார்க்க இங்கே பதில் எழுதட்டும்: என் அக்காவின் முகம் உங்களிடம் இருக்கிறதா, இல்லையா?